இடம் மாறும் பம்புக்குக் குவிக் கப்ளிங்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்க்காலிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வடிகாலுக்கு என்று தூக்கிக்கொண்டு அலைகிற ஆயில் எஞ்சினோ பெட்ரோல் பம்போ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. ஹோஸைத் திருகிக் கழற்றி, கட்டுக்கம்பி சுற்றி, மறுபடி திருகுவதற்குப் பதிலாகச் சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளிங் எதை வாங்கலாம், எதை எங்கே போடக் கூடாது என்பதுதான் விஷயம். தண்ணீரை உள்ளே இழுக்கும் சக்ஷன் பக்கத்துக்கு ஒரு வேலை, வெளியே தள்ளும் டெலிவரி பக்கத்துக்கு வேறு வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

என் பம்புக்கு இது தேவைதானா?

போர்வெல்லில் இறங்கிக் கிடக்கும் சப்மெர்சிபிளுக்குத் தேவையில்லை. ஷெட் கட்டி, ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டு) போட்டு இறுக்கிய மோட்டாருக்கும் தேவையில்லை. ஒரு முறை மாட்டினால் வருடக்கணக்கில் கழற்றாத இடத்தில் குவிக் கப்ளிங் போடுவது வீண் செலவு. காற்று புக இன்னொரு வழியைத் திறந்துவைப்பதும் ஆகும்.

இடம் மாறுகிற பம்பு என்றால் கதை வேறு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். வந்த தண்ணீரும் மதகுக்குக் கீழேயே நின்றால் நாற்றங்காலுக்கு இறைத்துத்தான் ஆகவேண்டும். அதே பம்பு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது சம்பாப் பயிரை மூழ்கடித்த தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளப் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒரே நாளில் நான்கு வயலுக்குப் போகும் பம்பில் ஒவ்வொரு இடத்திலும் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும்.

கேம்லாக் என்கிறார்களே, அது எப்படிப் பிடிக்கிறது?

இரண்டு பாகம். ஆண் முனை என்பது வெளிப்பக்கம் சுற்றிலும் பள்ளம் வெட்டிய குழாய்த் துண்டு. பெண் முனை என்பது இரண்டு காதுள்ள கிண்ணம். அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். ஆண் முனையை உள்ளே செருகி இரண்டு காதையும் ஒரே நேரத்தில் மடக்கினால், காதின் உள்பக்கத்திலுள்ள புடைப்பு அந்தப் பள்ளத்தில் ஏறி ஆண் முனையை ரப்பர் மேல் அழுத்தும். மரை இல்லை, திருகல் இல்லை.

கவனிக்க வேண்டிய இடம், ரப்பர் நசுங்குவதுதான் தண்ணீரை அடைக்கிறது என்பது. உள்ளே தண்ணீர் அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நசுங்கியே இருக்கும். அதனால் டெலிவரி, சக்ஷன் இரண்டுக்கும் கேம்லாக் தகும். மற்ற பல குவிக் கப்ளிங்குகளுக்கு இந்தக் குணம் கிடையாது. அதைக் கீழே சொல்கிறேன்.

இதன் அளவுகள் அமெரிக்க ராணுவத்தின் மில்-சி-27487 என்ற விவரக்குறிப்பிலிருந்து வந்தவை. பின்னால் அது ஏ-ஏ-59326 ஆக மாறியது. அதைப் பின்பற்றிச் செய்த 3 இன்ச் ஆண் முனை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் 3 இன்ச் பெண் முனையில் உட்காரும். அலுமினியத்தில் பிளாஸ்டிக்கைச் செருகலாம், பிளாஸ்டிக்கில் எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் செருகலாம். மலிவுச் சாமான் சிலவற்றில் பள்ளம் சரியாக இருக்காது. காது ஒன்று லொடலொடவென்று ஆடும், இன்னொன்று மடங்காது. கடையிலேயே இரண்டையும் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று அடுக்குகிறார்கள். எனக்கு எது?

ஆண் முனைகள் மூன்று. ஏ என்பது மறுபக்கம் உள்மரை உள்ளது, எஃப் வெளிமரை உள்ளது, இ ஹோஸுக்குள் நுழையும் நிப்பிள் உள்ளது. பெண் முனைகளும் மூன்று. பி வெளிமரை, டி உள்மரை, சி ஹோஸ் நிப்பிள். இவை போக இரண்டு மூடி உண்டு. டி.சி. என்பது ஆண் முனையை மூடும் தொப்பி, டி.பி. என்பது பெண் முனையை அடைக்கும் கட்டை.

இனி எதை எங்கே போடுவது? நான் எல்லாரிடமும் சொல்வது ஒரே விதி: தண்ணீர் வெளியே வரும் இடத்தில் ஆண் முனை, உள்ளே போகும் இடத்தில் பெண் முனை. பம்பின் டெலிவரி வாயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது, அங்கே ஆண். டெலிவரி ஹோஸின் தலைப்பில் தண்ணீர் நுழைகிறது, அங்கே பெண். அதன் வாலில் ஆண். அடுத்த ஹோஸின் தலைப்பு மறுபடி பெண். இப்படிப் போட்டால் எத்தனை ஹோஸை வேண்டுமானாலும் கோர்த்துக்கொண்டே போகலாம். சக்ஷன் ஹோஸின் பம்புப் பக்கம் தண்ணீர் வெளியே வருகிறது, ஆகவே ஆண். பம்பின் சக்ஷன் வாயில் பெண்.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. அவசரத்தில், இருட்டில், மழையில் யார் மாட்டினாலும் சக்ஷன் ஹோஸை டெலிவரி வாயில் மாட்ட முடியாது. அதோடு சக்ஷன் பக்கத்து ரப்பர் பம்பிலேயே இருந்துவிடும். சேற்றில் இழுபடும் ஹோஸ் முனையில் இருக்காது.

கையில் தூக்கும் 2 இன்ச், 3 இன்ச் பெட்ரோல் பம்புகளில் பெரும்பாலும் இரண்டு வாயிலும் வெளிமரை இருக்கும். பம்போடு வந்த நிப்பிளையும் நட்டையும் கழற்றிவிட்டு, சக்ஷனில் டி, டெலிவரியில் ஏ போட வேண்டும். வாயில் உள்மரை இருந்தால் சக்ஷனில் பி, டெலிவரியில் எஃப். பழைய வார்ப்பிரும்புப் பம்புகளில் ஃபிளேஞ்ச் இருக்கும். மரை வெட்டிய எதிர் ஃபிளேஞ்ச் ஒன்று வாங்கி, நடுவில் ரப்பர் பேக்கிங் வைத்து முடுக்கி, அதில் கப்ளிங்கைத் திருகலாம்.

சக்ஷன் ஹோஸின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வுப் பக்கம் கேம்லாக் வேண்டாம் என்பது என் கட்சி. அதைத் தினமும் கழற்றப் போவதில்லை. ஹோஸில் நேராக ஏற்றிக் கிளாம்ப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். சக்ஷனில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு சந்தேகம்.

2 இன்ச் பம்பில் 3 இன்ச் கப்ளிங், 3 இன்ச் பம்பில் 2 இன்ச் கப்ளிங் போடலாமா?

பெரிதாகப் போடலாம். சிறிதாக, அதுவும் சக்ஷனில், போடவே கூடாது.

அதே அளவு தண்ணீரைக் குறுகலான குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறும். 3 இன்ச் ஹோஸை 2 இன்ச்சாகக் குறைத்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் இழப்பு ஏழு மடங்குக்கு மேல் போய்விடும். டெலிவரியில் இது நடந்தால் தண்ணீர் குறையும், டீசல் வீணாகும், அவ்வளவுதான். சக்ஷனில் நடந்தால் பம்பு தண்ணீர் கிடைக்காமல் திணறும். உள்ளே நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடைந்து, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரை அரிக்கும். கூழாங்கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டால் அதுதான்.

இன்னொன்று, ஹோஸ் நிப்பிள் ஹோஸுக்குள் நுழைவதால் அதன் உள்வாய் எப்போதும் ஹோஸைவிடக் குறுகல்தான். தடித்த சுவருள்ள பிளாஸ்டிக் நிப்பிளில் இது அதிகம். வாங்கும்போது வாயைப் பாருங்கள்.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா, பித்தளையா, எஸ்.எஸ்.ஸா?

ஆற்றுத் தண்ணீர் மட்டும் இறைக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக்கு அலுமினியம் போதும். எடை குறைவு, அடி தாங்கும், ஹோஸ் இழுபடும்போது நிப்பிள் முறியாது.

நாகை, வேதாரண்யம், சீர்காழிக் கரையோரம் வந்தால் அலுமினியத்துக்கு எதிரி உப்பு. இறால் குட்டைக்கும், உவர்நீர் ஏறும் வடிகாலுக்கும் அது சரிப்படாது. வெள்ளைப் பொடி பூத்துப் பள்ளம் அரித்துவிடும். அதிலும் பித்தளை வால்வில் அலுமினியக் கப்ளிங்கைத் திருகி உப்புத் தண்ணீர் ஓடவிட்டால் அரிப்பு இன்னும் வேகம். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம்தான் கரையும். மரையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் ரம்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் நல்லது, விலையும் குறைவு. கண்ணாடி நார் கலந்த கறுப்புச் சாமான் கிடைத்தால் அதையே எடுங்கள். சாயமில்லாத வெளிர்நிறப் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கத் தொடங்கும்.

பிளாஸ்டிக்கின் பலவீனம் எஞ்சின் அதிர்வும் ஹோஸின் எடையும். பம்பில் திருகும் துண்டை உலோகத்திலும், ஹோஸ் முனையில் வரும் துண்டைப் பிளாஸ்டிக்கிலும் போட்டுக் கலந்து ஓட்டுபவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். பிளாஸ்டிக் மரையைப் பைப் ரெஞ்ச் போட்டு முடுக்காதீர்கள். கையால் இறுக்கி அதற்கு மேல் அரைச் சுற்று, முக்கால் சுற்று போதும்.

பித்தளையும் எஸ்.எஸ்.ஸும் விலை அதிகம். வயலுக்கு அவ்வளவு தேவையில்லை. அதோடு இரவில் கரையில் விட்டுவைத்த பித்தளை காலையில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அந்த வகையிலும் பிளாஸ்டிக்குக்கு ஒரு மார்க் கூடுதல்.

அழுத்தம் தாங்குமா என்று கேட்பார்கள். பத்து மீட்டர் உயரம் தள்ளுவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். நம் தட்டை நிலத்தில் வரப்பைத் தாண்டித் தள்ளும் பம்பு அதற்குக் கீழேதான் வேலை செய்கிறது. ஒழுங்கான சாமான் எதுவும் இதற்குத் தாங்கும்.

எல்லாம் புதிதாகப் போட்டேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் ஒன்றே: சக்ஷனில் காற்று இழுக்கிறது.

பம்பு தண்ணீரை மேலே உறிஞ்சுவதில்லை. உள்ளே காற்றைக் குறைக்கிறது. வெளியிலுள்ள காற்றழுத்தம் வாய்க்கால் தண்ணீரை ஹோஸுக்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தத்தால் ஏற்றக்கூடிய உச்சம் 10.3 மீட்டர். உராய்வு, வெப்பம், பம்பின் தேய்மானம் எல்லாம் போக 6, 7 மீட்டரே நடைமுறையில் கிடைக்கும். டெல்டாவில் வாய்க்கால் அவ்வளவு ஆழத்தில் இல்லை, ஆகவே உயரம் பிரச்சினையாவது அபூர்வம். ஆனால் சக்ஷன் குழாய்க்குள் இருப்பது வெளியைவிடக் குறைந்த அழுத்தம். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டெலிவரி ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். சக்ஷன் ஒழுகினால் தெரியாது. அதனால்தான் ஆட்கள் ஃபுட் வால்வையும் மெக்கானிக்கையும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஃபுட் வால்வு நன்றாக மூடிய நிலையில், பம்பு வழியாகச் சக்ஷன் ஹோஸ் முழுக்கத் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். இப்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை வெளிப்பக்கம் அழுத்தும். காற்று புகுந்த இடத்தில் தண்ணீர் கசியும். கப்ளிங், கிளாம்ப், மரை என்று ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பாருங்கள். எங்கும் கசியாமல் மட்டம் மட்டும் இறங்கினால் ஃபுட் வால்வுதான் குற்றவாளி. வைக்கோல் துரும்பு சிக்கியிருக்கும். மேலேயுள்ள இணைப்பில் எடை குறைவு என்பதால் சிறு கசிவு இதில் தப்பலாம். அப்போது எஞ்சினை ஓடவிட்டு, சந்தேகமுள்ள இணைப்பின் மேல் சோப்பு நுரையையோ கெட்டிச் சேற்றையோ அப்புங்கள். நுரை உள்ளே இழுபட்டால், அல்லது பம்பின் சத்தம் மாறித் தண்ணீர் கூடினால், இடம் அதுதான்.

காற்று புகும் இடங்களை என் அனுபவ வரிசையில் சொல்கிறேன். முதலாவது ஹோஸும் நிப்பிளும் சேரும் இடம், கப்ளிங் அல்ல. கட்டுக்கம்பி சுற்றி முறுக்கிய இணைப்பு டெலிவரியில் தாக்குப்பிடிக்கும். சக்ஷனில் கம்பி ஹோஸை ஓரிடத்தில் அறுக்கும், மற்ற இடத்தில் தொளதொளவென்று விடும். போல்ட் கிளாம்ப் இரண்டு போடுங்கள், அவற்றின் போல்ட் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம் வரி வரியாகச் சுருள் ஓடும் பச்சை சக்ஷன் ஹோஸில் பட்டைக் கிளாம்ப் சீராக அழுத்தாது; அதற்கென்று சுருளை ஒட்டி உட்காரும் கம்பிக் கிளாம்ப் இருக்கிறது. ஹோஸ் ஏறவில்லை என்றால் முனையைக் கொதிநீரில் சற்று நேரம் முக்கினால் இளகும். கிரீஸ் தடவி ஏற்றாதீர்கள், வேலை செய்யும்போது வழுக்கி வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, தொங்கும் எடை. 3 இன்ச் ஹோஸில் மீட்டருக்கு நாலரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு மீட்டர் ஹோஸில் தண்ணீர் மட்டுமே 27 கிலோ. அது கரையிலிருந்து தொங்கினால் கப்ளிங்கைக் கீழ்ப்பக்கம் வளைத்து, மேல்பக்கம் ரப்பரை விலக்கிவிடும். பம்புக்கு அருகிலேயே ஹோஸுக்கு ஒரு கவட்டைக் கம்பு நட்டு முட்டுக்கொடுங்கள். செலவே இல்லாத வைத்தியம், ஆனால் இதைச் செய்பவர் குறைவு.

மூன்றாவதுதான் கப்ளிங் ரப்பர். மணல் ஒட்டியிருக்கும், அல்லது ஒரு வருடமாக நசுங்கித் தட்டையாகியிருக்கும்.

நான்காவது மரை. டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது உரிந்து சுருண்டுவிடும். பெரிய மரைக்குச் சணலும் பேஸ்ட்டும் இன்றும் நல்ல வேலை.

ஸ்பிரிங்க்ளர் பைப்பில் வரும் கொக்கிக் கப்ளிங் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே சக்ஷனுக்குப் போடலாமா?

கூடாது. இது விலை சம்பந்தப்பட்ட பேச்சல்ல, அமைப்பே வேறு.

ஐ.எஸ். 14151 தரத்தில் வரும் ஹெச்.டி.பி.இ. ஸ்பிரிங்க்ளர் பைப்பின் கொக்கி, பைப் கழன்று போகாமல் பிடிக்க மட்டுமே. தண்ணீரை அடைப்பது உள்ளேயுள்ள உதடு வைத்த ரப்பர் வளையம். தண்ணீர் அழுத்தம் வந்ததும் அந்த உதடு விரிந்து பைப்பில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் தளர்ந்து பைப்பிலுள்ள தண்ணீர் வடியும். தூக்கி மாற்றுவதற்கு அது வசதியும்கூட. இதைச் சக்ஷனில் போட்டால் விரிய வேண்டிய உதடு உள்ளே சுருங்கும், காற்று தாராளமாகப் புகும்.

டெலிவரியில் தாராளமாகப் போடலாம். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து, பயறுக்குத் தெளிப்பு நீர் கொடுப்பவர்களும், மணற்பாங்கான நிலத்தில் கடலை போடுபவர்களும் பம்பிலிருந்து கேம்லாக்கில் எடுத்து, அதன் முன்னால் ஸ்பிரிங்க்ளர் செட்டின் பம்பு நிப்பிளைத் திருகி, அங்கிருந்து 63 அல்லது 75 மில்லிமீட்டர் பைப்பை ஓட்டலாம். கடைகளில் அந்த நிப்பிளைப் பி.சி.என். என்பார்கள். மரை அளவை மட்டும் சரிபார்க்கவும்.

ஃபயர் சர்வீஸ் கப்ளிங் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே?

63 மில்லிமீட்டர் அளவில் வரும் அந்த வெண்கலச் சாமான் அருமையானது, டெலிவரிக்கு. எடை அதிகம். ஊரில் வேறு யாரிடமும் ஜோடி இருக்காது. வாஷர் தேய்ந்தால் தேடி அலைய வேண்டும். கிடைத்தது என்பதற்காக வாங்காதீர்கள்.

ரப்பர் வாஷரில் வகை இருக்கிறதாமே?

இருக்கிறது. கேம்லாக்கோடு வருவது பெரும்பாலும் நைட்ரைல். தண்ணீர், டீசல், எண்ணெய் மூன்றுக்கும் தாங்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் புழங்குவதால் நமக்கு இதுதான் சரி. ஈ.பி.டி.எம். வெயிலுக்கும் சூட்டுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் டீசலோ கிரீஸோ பட்டால் ஊதிப்போகும். வைட்டான் ரசாயனத்துக்கு உரியது, வாய்க்கால் தண்ணீருக்கு அந்த விலை கொடுக்க வேண்டாம்.

எந்த வகை என்பதைவிட, பையில் உதிரி இருக்கிறதா என்பது முக்கியம். அளவுக்கு இரண்டு வாஷர் டூல் பாக்ஸில் கிடக்கட்டும். சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது ஒரு ராத்திரிக்கு ஓடும்.

பம்பு வெளிநாட்டு இறக்குமதி. கப்ளிங் பாதி திருகியதும் இறுகிவிடுகிறது.

மரை பொருந்தவில்லை. நம் ஊர்ச் சாமான் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் தர மரை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பம்பில் என்.பி.டி. என்ற அமெரிக்கத் தர மரை இருக்கலாம். 2 இன்ச்சில் பி.எஸ்.பி.க்கு இன்ச்சுக்கு 11 மரை, என்.பி.டி.க்கு பதினொன்றரை, மரையின் கோணமும் 55 பாகை, 60 பாகை என்று வேறு. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கடிக்கும். 3 இன்ச்சில் என்.பி.டி. 8 மரைதான், அது ஏறவே ஏறாது. டேப்பை அதிகமாகச் சுற்றி இழுத்துப் பிடித்தால் அலுமினிய வாய் வெடிக்கும். பம்போடு வந்த நட்டைக் கடைக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே வழி.

ஓடும்போதே காது திறந்துவிட்டால்?

3 இன்ச் டெலிவரி ஹோஸ் தண்ணீரோடு தெறித்தால் கால் முறியும். காதுகளில் உள்ள வளையத்தில் ஒரு கொக்கி ஊசியோ கம்பியோ போட்டுப் பூட்டுங்கள். எஞ்சின் அதிர்வில் காது மெல்ல எழும்பும், ஆகவே பம்பை ஒட்டிய கப்ளிங்குக்கு இது கட்டாயம். கழற்றும்போது முதலில் எஞ்சினை நிறுத்தி, ஹோஸ் தொய்ந்து தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு காதையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒரு காதை மட்டும் திறந்தால் முனை சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அப்போது சுத்தியலால் தட்டுவார்கள், பள்ளம் கெடும்.

ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டே இருக்கிறது. பெரிய கப்ளிங் போட்டால் சரியாகுமா?

ஆகாது. கப்ளிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபுட் வால்வை ஒரு மூங்கில் கூடைக்குள் வைத்து, கூடையைத் தண்ணீருக்குள் கட்டிவிடுங்கள். அடி மண்ணில் படாமல் ஒரு முழமாவது மேலே நிற்கட்டும்.

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் பீர் காய்ச்சும் பம்புக்கு இதே கேம்லாக்கை மாட்டுகிறார்கள். அதே சாமானா?

அதே குடும்பம்தான், அரை இன்ச் அளவு. அவர்கள் கவலை வேறு. அங்கே ஓடுவது கொதிக்கிற மால்ட் கஷாயம். ஆகவே 304 எஸ்.எஸ்., சிலிகான் வாஷர், கழுவினால் சந்தில் எதுவும் தங்கக் கூடாது என்று பார்ப்பார்கள். அவர்கள் பம்பு பானைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் திரவம் தானாகவே இறங்கிப் பம்பை நிரப்பும். நம் பம்பு வாய்க்காலுக்கு மேலே கரையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்கு இல்லாத காற்றுத் தொல்லை நமக்கு இருப்பது அதனால்தான். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வயலுக்கு எஸ்.எஸ். கேட்டுக் கடையில் நிற்க வேண்டாம். கஷாயத்தையே காய்ச்சிப் பார்க்கலாமா என்று யாராவது யோசித்தால், தமிழ்நாட்டில் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது.

பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து வாங்கலாமா?

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். ஒரு தெருவில் ஐந்து பம்பு இருந்து ஐந்திலும் வெவ்வேறு வாய் இருந்தால், மழை நாளில் ஒருவர் ஹோஸ் இன்னொருவருக்கு உதவாது. எல்லாரும் 3 இன்ச், எல்லாரும் ஒரே ஆண்-பெண் விதி என்று பேசி வைத்துக்கொண்டால், எவர் ஹோஸையும் எவர் பம்பிலும் மாட்டி நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வடிகாலை எட்டலாம். 2 இன்ச் பம்பு வைத்திருப்பவர் டெலிவரியில் 2 இன்ச்சை 3 இன்ச்சாக்கும் ஒரு பெருக்கித் துண்டு போட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். வாடகைக்கு விடுபவர்கள் எந்த அளவு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, அதே அளவில் போவது புத்திசாலித்தனம். சாமானில் அடையாள வர்ணம் அடித்துவிடுங்கள், பின்னால் பங்காளிச் சண்டை வராது.

வேலை இல்லாத மாதங்களில் எப்படி வைப்பது?

ஜனவரி 28-ல் வழக்கப்படி மேட்டூரை மூடிய பிறகு கோடையில் பம்புக்கு வேலை குறையும். கப்ளிங்கை நல்ல தண்ணீரில் அலசி, பள்ளத்திலுள்ள சேற்றைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்து, காது திரும்பும் ஊசியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மூடிகளைப் போட்டால் பூச்சி கூடு கட்டாது. காதுகளை மடக்கிப் பூட்டி வைக்காமல் திறந்தே வைத்தால் வாஷர் நசுங்காது.

உர மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பொட்டாஷ் என்று நாம் போடுவது பொட்டாசியம் குளோரைடு. ஈரம் பட்டுக் கசிந்தால் அலுமினியத்தை உப்புத் தண்ணீரைப் போலவே அரிக்கும். ஹோஸை எலி எட்டாத உயரத்தில், பெரிய வட்டமாகச் சுருட்டி, மடிப்பு விழாமல் தொங்கவிடுங்கள். ஒரு முறை மடிந்த சக்ஷன் ஹோஸ் அடுத்த குறுவைக்கு அந்த மடிப்பிலேயே உள்ளே ஒட்டிக்கொள்ளும்.